ஈச்சங்கொல்லைக்குப் போன தந்தி

இரவு எட்டேகால் மணி. கங்கைகொண்ட சோழபுரம் போகும் தார் ரோட்டிலிருந்து தெற்கே ஒரு வண்டிப்பாதை பிரிகிறது. செம்மண்ணும் சரளையும். இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. அமாவாசைக்கு மூன்று நாள் பாக்கி... தன் கை தனக்குத் தெரியாத இருட்டு.

அந்தப் பாதையில் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான். தனியாக.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விளக்கு இருக்கிறபடியே இருக்கட்டும். இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு காலேஜில் படித்த கொளஞ்சியின் சின்ன மாமாவுக்கு நடந்தது. பெயர் தர்மன். எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர் மாதம். வடக்கே பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அதனால் அவன் என்றே சொல்கிறேன்.

தர்மன் டவுன் தபால் ஆபீசில் தந்தி கொண்டுபோகும் ஆள். காக்கிச் சட்டை, ஒரு தோல் பை, ஆபீஸ் சைக்கிள். அன்று சாயங்காலம் ஆறரை மணிக்குத் தந்திக் கருவி தட்டத் தொடங்கியது. போஸ்ட்மாஸ்டர் அப்துல் லத்தீப், லப்பைக்குடிக்காட்டுக்காரர், காதைக் கொடுத்துக் கேட்டு எழுதினார். எழுதி முடித்ததும் வாய்க்குள் ஏதோ ஓதினார். தாளை மடித்து ஒட்டினார். ஒட்டியதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

யாருக்கு என்று தர்மன் கேட்டான்.

"ஈச்சங்கொல்லை. பொன்னாயி. மகன் பேரு நல்லதம்பி."

தர்மன் கையை நீட்டினான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. விடுமுறைத் தந்தி என்றால் லத்தீப் சார் ஓத மாட்டார்.

நல்லதம்பி யார் என்று சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து தர்மனோடு ஒரே பெஞ்சு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பொன்னாயி முந்திரிக்கொட்டை உடைத்து மகனைப் படிக்கவைத்தாள். கொட்டைத் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அவள் விரல்கள் எப்போதும் கறுத்து உரிந்திருக்கும். லீவு நாளில் மகனும் உட்கார்ந்து உடைப்பான். பரீட்சைத் தாளில் அவன் கை பட்ட இடமெல்லாம் கறை இருக்கும்.

அறுபத்தைந்தில் திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் அரியலூரில் ரயில் ஏறிப் போனார்கள். நல்லதம்பியை எடுத்துக்கொண்டார்கள். தர்மனை டேப் வைத்து அளந்துவிட்டு, நெஞ்சு போதாது என்று அனுப்பிவிட்டார்கள். சைக்கிள் பம்பு ஒன்று வாங்கி ஊதிக்கொண்டு அடுத்த வருஷம் வா என்று நல்லதம்பி சொன்னான். அந்தப் பேச்சு ஈச்சங்கொல்லை வரை போயிற்று. அதன்பிறகு பொன்னாயிக்கு அவன் நெஞ்சு பத்தாத தர்மன்.

வருஷத்துக்கு ஒரு முறை நல்லதம்பி லீவில் வருவான். வந்தால் இருவரும் இந்த முந்திரிக்காட்டுப் பாதையில்தான் நடப்பார்கள். பட்டாளத்துக்காரனோடு நடப்பதில் ஒரு தொல்லை. பக்கத்தில் நடக்கிறவன் இடது காலை வைத்தால் அவனும் இடது காலை வைப்பான். தர்மன் வேண்டுமென்றே ஓர் அடியைத் தப்பி வைப்பான். நல்லதம்பி பேச்சை நிறுத்தாமலே, காலைச் சின்னதாக ஓர் இழுப்பு இழுத்து, மறுபடி சேர்ந்துகொள்வான். செய்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. கேட்டால், காலு அதுவா பண்ணுதுடா என்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணம். பெண் ராசாத்தி, தாய் இல்லாதவள். கடைசியாகப் பங்குனியில் வந்துவிட்டுப் போனான். அவள் உண்டாகியிருக்கும் செய்தி கடிதத்தில்தான் போயிற்று. ராசாத்தி சொல்லச் சொல்ல அதை எழுதியவன் தர்மன். மார்கழிக்கு லீவு கேட்டிருக்கிறேன், பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தையும் அவன்தான் படித்துக் காட்டினான். பிறகு சண்டை வந்துவிட்டது. லீவெல்லாம் ரத்து என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள். அதை அவன் ஈச்சங்கொல்லையில் சொல்லவில்லை.

இப்போது தந்தி.

நம் பக்கத்தில் சாவு சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. உங்களுக்குத் தெரியும். இரண்டு பேராகத்தான் போக வேண்டும். வாசலைத் தாண்டி உள்ளே காலை வைக்கக் கூடாது. அந்த வீட்டில் தண்ணீர் வாங்கக் கூடாது. செம்பை நீட்டும்போது வந்தவன் வாங்கவில்லை என்றால் அதுவே சேதி. வாயைத் திறக்க வேண்டியதில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டானா... அவன் விருந்தாளி. விருந்தாளி வாயால் சாவு சொல்லக் கூடாது.

ஏன் இரண்டு பேர்? தனியாகப் போனால் இரண்டாவது இடம் காலியாக இருக்கும் என்பார்கள். அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்று மட்டும் யாரும் விளக்கமாகச் சொல்ல மாட்டார்கள்.

சாவுத் தந்தி என்றால் தர்மன் சைக்கிள் கடை அய்யம்பெருமாளைக் கூட்டிக்கொள்வான். அன்று அய்யம்பெருமாள் ஊரில் இல்லை. வரதராஜன்பேட்டையில் ஏதோ விசேஷம், காலையில்தான் வருவான். லத்தீப் சாருக்கும் அது தெரியும்.

"காலையில போ தர்மா. ரெண்டு பேராப் போங்க. ஒரு ராத்திரியில என்னா ஆயிடப்போவுது?"

அந்த ஒரு ராத்திரிதான் தர்மனுக்கு ஆகாது.

அவனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. ரெங்கம்மாள். ஆவணி மாதம் மஞ்சள் காமாலை. ஒன்பது நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒன்பதாம் நாள் அவளுடைய அண்ணன்தான், நீ வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பினான். இரவு பத்து மணிக்கு அவள் போய்விட்டாள். தூங்கட்டும், பாவம் என்று விட்டுவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஆள் வந்தது. எட்டு மணி நேரம். அவள் இல்லாத உலகத்தில் எட்டு மணி நேரம் அவன் நன்றாகத் தூங்கியிருக்கிறான். இடையில் எழுந்து தண்ணீர்கூடக் குடித்தான். அது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு எந்தத் தந்தியையும் அவன் வைத்திருந்ததில்லை. செத்தவர் செத்தது வீட்டுக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கக் கூடாது. அவனுக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

தந்தியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். போயிட்டு வரேன் சார் என்றான். சைக்கிளை எடுத்தான்.

தார் ரோடு முடியும்வரை ஒன்றுமில்லை. சக்கரத்தில் டைனமோ உரசுகிற சத்தம். எதிரே ஒரு லாரி. அப்புறம் அதுவும் இல்லை.

வண்டிப்பாதையில் திரும்பியதும் மணல். மிதிக்க முடியாது. இறங்கித் தள்ளினான். சக்கரம் மெதுவாக உருண்டதால் விளக்கு சிவந்து... மங்கி... அணைந்துவிட்டது.

முதலில் வந்தது நாற்றம்.

சணல் ஊறப்போட்ட குட்டையில் ஒரு நாற்றம் வருமே... அழுகலும் சேறும் சேர்ந்து... அது. தர்மன் நின்றான். அந்தப் பக்கம் குட்டை கிடையாது. சணல் ஊறப்போடுகிற பருவமும் அது இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தான். நாற்றம் கூடவே வந்தது.

பிறகு சத்தம்.

அவன் செருப்பு சரளையில் பட்டது. சரக்... சரக்... அதோடு இன்னொன்று. கனமாக. லாடம் வைத்த பூட்ஸ் கல்லில் படுவது போல. டக்... டக்... இடப் பக்கம். ஒரு முழம் பின்னால். அவன் இடது கால் விழும்போது அதுவும் விழுந்தது. வலது கால் விழும்போது அதுவும்.

தர்மன் ஓர் அடியைத் தப்பி வைத்தான்.

பின்னால் ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு, சர்ர்... என்று சின்னதாக ஓர் இழுப்பு. டக். டக். சேர்ந்துகொண்டது.

இன்னொரு முறை தப்பி வைத்தான். சர்ர்... டக்.

மூன்றாவது முறை அவன் செய்து பார்க்கவில்லை.

பயம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை என்று கொளஞ்சியிடம் சொல்லியிருக்கிறார். நாலு மாதமாக அவருக்கு எதுவுமே வரவில்லையாம். பசி வரவில்லை, கோபம் வரவில்லை. பயம் மட்டும் எங்கிருந்து வரும்? ஒரு எண்ணம் மட்டும் வந்ததாம். இவன் அவ்வளவு தூரத்திலிருந்து வந்துவிட்டான். ரெங்கம்மாள் தஞ்சாவூரிலிருந்து வரவில்லையே என்று.

திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"ஒன் வூட்டுக்குத்தான் போறேன்."

முந்திரி இலையிலிருந்து பனி சொட்டும் சத்தம். டக்... டக்...

ஈச்சங்கொல்லையில் முதல் வீடே பொன்னாயி வீடு. கூரை வீடு, முன்னால் முருங்கை மரம், துணி துவைக்கிற கல். இந்த நேரத்துக்கு ஊர் அடங்கியிருக்கும். அன்று அந்த வீட்டில் மட்டும் வெளிச்சம். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. தர்மன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஓர் அலறல்.

ராசாத்தி.

நாள் நெருங்கிவிட்டது என்று அவனுக்குத் தெரியும். இன்றைக்கே என்று தெரியாது.

மருத்துவச்சி இருசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வாசல்வரை வந்தாள். வந்தது ஆண் என்று தெரிந்ததும் அங்கேயே நிற்கச் சொன்னாள். காலையிலிருந்து வலி, பிள்ளை கால் முன்னால் திரும்பிக் கிடக்கிறது, அவளுக்குத் தெம்பு போய்க்கொண்டே இருக்கிறது என்று சொன்னாள். டவுனுக்குக் கொண்டுபோக வண்டிமாடு கேட்டு ஆள் போயிருக்கிறது, வரக் காணோம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு சொல்லு தப்பா விழுந்தாக்கூட ரெண்டு உசுரும் நிக்காது தம்பி. சத்தம் போடாம இரு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொன்னாயி சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு மாலைக்கண். இருட்டினால் ஆள் தெரியாது, காது மட்டும்தான்.

"யாரு, நெஞ்சு பத்தாத தர்மனா? சைக்கிள் சத்தம் கேட்டதுமே நெனச்சேன். தந்திதானப்பா? ரயிலு ஏறிட்டானா?"

தர்மன் வாயைத் திறந்தான். சட்டைப் பையில் தந்தி இருந்தது. மடிப்பு நெஞ்சில் குத்தியது. சொல்ல வேண்டியது மூன்று சொல். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான்.

உள்ளே ராசாத்தி மறுபடி அலறினாள்.

பொன்னாயி தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். கேட்டது மருமகளை அல்ல.

"கூட யாரு தம்பி? பூட்ஸ் சத்தமால்ல கேட்டுச்சு. போலீஸ்காரவங்களா?"

யாருமில்லை என்றான் தர்மன். கூச்சப்படுகிற ஆள் போலிருக்கிறது, நிற்கச் சொல், தண்ணீராவது குடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள். வரும்போது கையில் இரண்டு செம்பு. ஒன்றைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். ஒன்றை அவன் இருந்த திசைக்கு நீட்டினாள்.

நீட்டிக்கொண்டே நின்றாள்.

வாங்கக் கூடாது. வாங்காவிட்டால் அவளுக்கு இப்போதே தெரிந்துவிடும். அவள் போடும் சத்தம் நாலு எட்டு தள்ளிப் படுத்திருப்பவளுக்குக் கேட்கும். கேட்டால் என்ன ஆகும் என்று இருசம்மாள் சொல்லிவிட்டாள். வாங்கினால்... அப்புறம் இவன் சாவு சொல்ல வந்தவன் இல்லை. இவனும் இல்லை, கூட வந்தவனும் இல்லை. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டிய கட்டாயம் இரண்டு பேருக்குமே போய்விடும்.

இடப் பக்கம், ஒரு முழம் பின்னால், நாற்றம் அசையாமல் நின்றது.

தர்மன் செம்பை வாங்கினான். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். மண்பானைத் தண்ணீர். தொண்டை வலிக்கிற குளிர்ச்சி.

தந்தி வேறு ஊருக்கு, போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று சொன்னான். அவன் உத்தியோகத்தில் சொன்ன முதல் பொய். பொன்னாயி நம்பினாள். அதுக்கென்ன, நாளைக்கு வரும் என்றாள். காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள். மற்றதை எடுக்கக் கல்லைத் தடவினாள்.

அந்தச் செம்பும் காலியாக இருந்தது. கல் நனையவில்லை.

"பாத்தியா, குடிச்சிட்டாரு. தாகம் போல" என்றாள்.

டக்... டக்... டக்...

தர்மனைத் தாண்டிப் போனது. முருங்கை மரத்தைத் தாண்டியது. நிலைப்படியில் நின்றது. வேப்பிலை ஆடவில்லை. கேன்வாஸ் நாடாவை இழுத்து அவிழ்க்கும் சத்தம்... ஒரு பூட்ஸ் தரையில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. சாணம் மெழுகிய தரையில் வெறுங்கால் சத்தம் போடாது.

தர்மன் நிலைப்படியைப் பார்த்தான். வெளிச்சம் இருந்தது. அங்கே ஒரு ஜோடி செருப்புகூட இல்லை.

உள்ளே அலறல் நின்றது. பாதியில் அறுத்தது போல. பிறகு ராசாத்தியின் குரல். வலி இல்லாத, சாதாரணக் குரல். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்கிற மாதிரி.

"வந்துட்டீங்களா?"

வலியில் பிதற்றுகிறாள் என்றாள் பொன்னாயி. உள்ளே போனாள்.

தர்மன் முருங்கை மரத்தடியில் குந்தினான். இப்போதாவது போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். சொன்னால் வந்தவன் வெளியே வந்தாக வேண்டும். ஆனால் அவன் வந்ததும் அவள் அலறல் நின்றுவிட்டதே. அவனை வெளியே இழுத்தால் அவள் என்ன ஆவாள்? விட்டால் என்ன ஆவாள்? இரண்டில் எது அவளைக் கொல்லும் என்று அவனுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தான். உள்ளே ராசாத்தி பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. இடையிடையே நிறுத்தினாள், பதிலுக்குக் காத்திருப்பது போல. ஒரு முறை லேசாகச் சிரித்தாள்.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். குழந்தை அழுதது.

இருசம்மாள் கை கழுவ வெளியே வந்தாள். பெண் குழந்தை என்றாள். தாயும் நன்றாக இருக்கிறாள். நான் ஒன்றும் செய்யவில்லை என்றாள். பிள்ளை தானாகத் திரும்பிக்கொண்டதாம். முப்பது வருஷத்தில் அப்படி அவள் பார்த்ததில்லையாம். தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே முணுமுணுத்தாள்.

"எவனோ சேத்துக்காலோட உள்ள வந்துருக்கான். மெழுவுன தரை வீணாப் போச்சு. நீயா தம்பி?"

இல்லை என்றான் தர்மன்.

அவள் அவன் காலைப் பார்த்தாள். காய்ந்த செம்மண் ஒட்டியிருந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

விடியும்வரை தர்மன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே போனது வெளியே வரவில்லை.

கிழக்கு வெளுத்ததும் எழுந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊர் எல்லைக்கல்வரை போனான். அங்கே ஒரு பள்ளத்தில் மழைத்தண்ணீர் கிடந்தது. முகம் கழுவினான். வாயைக் கொப்பளித்தான், இரவு குடித்த தண்ணீரைத் துப்புகிறவன் போல. பிறகு வண்டியைத் திருப்பினான். இனிமேல் அவன் விருந்தாளி இல்லை. புதிதாக வருகிறவன்.

திரும்பி வரும்போது சரளையில் ஒரே ஆளின் சத்தம்தான் கேட்டது.

பொன்னாயிக்கு வெளிச்சம் வந்துவிட்டால் கண் தெரியும். தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வாயெல்லாம் சிரிப்பு. ஒரு கையில் சர்க்கரை, ஒரு கையில் செம்பு. பேத்தி பிறந்த வீட்டுக்கு முதலில் வருகிற ஆள்.

"எங்கடா போன, ராத்திரி பூரா இருந்துட்டு? இந்தா, வாயத் தொற."

தர்மன் வாசலுக்கு வெளியே நின்றான். சர்க்கரையை வாங்கவில்லை. அவள் செம்பை நீட்டினாள். அவன் இரண்டு கையும் தொங்கிக்கொண்டே இருந்தன.

அவள் நீட்டிக்கொண்டே நின்றாள்.

சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, யாரோ எடுக்க மறந்துவிட்ட மாதிரி. அவன் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, செம்புத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் மெல்ல ஊற்றினாள். ஒரு சொட்டு விடாமல். சர்க்கரையையும் அங்கேயே உதறினாள். உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் வாயிலிருந்து சத்தம் வந்தது.

ஊர் கூடியது. தர்மன் தந்தியைப் பிரித்துத் தமிழில் சொன்னான். லான்ஸ் நாயக் நல்லதம்பி கிழக்கு முனையில் ஒன்பதாம் தேதி சண்டையில் இறந்துபோனார். வருந்துகிறோம். அவ்வளவுதான் இருந்தது. கிழக்கு முனை என்றால் வங்காளம், சணலும் சேறுமான நாடு. உடலைப் பற்றி ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. அந்தச் சண்டையில் யார் உடலும் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

நிலைப்படிக்குள், கயிற்றுக்கட்டிலில், ராசாத்தி குழந்தையை அணைத்துப் படுத்திருந்தாள். சேதி அவளுக்குக் கேட்டது. பெண்கள் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. விடுங்கள் என்று கையை விலக்கினாள்.

"ஒம்பதாம் தேதியாண்ணே?"

ஆமாம் என்றான் தர்மன்.

"ராத்திரி கேட்டேன். என்னைக்குன்னு நெனவில்லன்னாரு."

குழந்தை பால் குடிக்கிற சத்தம் மட்டும். புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு கிழவர் மெல்லச் சொன்னார். அவளுக்குப் புத்தி ஒன்றும் பேதலிக்கவில்லை. பின்னால் அந்தப் பெண்ணை வளர்த்து, படிக்கவைத்து, எல்லாம் அவள்தான் செய்தாள்.

தர்மன் பொன்னாயியின் கைநாட்டை வாங்கிக்கொண்டான். சைக்கிளைத் திருப்பினான். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது. வந்தவன் பேசாமல் போக வேண்டும், வீட்டாரும் பேசாமல் விட வேண்டும். வா என்ற சொல் விழுந்தால் போனது திரும்பி வரும் என்பார்கள். அவன் பேசவில்லை.

நிலைப்படியில் நாடாவை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. ஒரு காலுக்கு. அடுத்த காலுக்கு.

கூட்டத்தில் வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

ராசாத்தி கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் பார்த்தது தர்மனை இல்லை. தர்மனுக்கு இடப் பக்கம், ஒரு முழம் தள்ளி, வெயில் விழுந்து கிடந்த வெறும் இடத்தை. தினமும் வேலைக்குப் போகிற புருஷனிடம் சொல்வது போல் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."

பக்கத்தில் இருந்தவள் ராசாத்தியின் வாயைப் பொத்தினாள். சொன்னது சொன்னதுதான்.

தர்மன் திரும்பிப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு நடந்தான். முந்திரிக்காட்டைத் தாண்டினான். தார் ரோட்டுக்கு வந்தான். நன்றாக விடிந்துவிட்டது. ரோட்டில் ஆட்கள், மாடுகள், சோழபுரம் டவுன் பஸ். அவன் பெடலில் காலை வைத்து ஏறி உட்கார்ந்தான்.

பின்னால் கேரியர் கிறீச்சென்று ஒரு முறை அமுங்கியது. வண்டி லேசாக ஆடி நின்றது. பின் டயர் தாரில் சப்பிப் படிந்தது. சணல் குட்டை நாற்றம் அவன் கழுத்துக்கு மிக அருகில் வந்து நின்றது.

தர்மன் மிதித்தான். ஒரு ஆளை வைத்து மிதிக்கிற கனம்.

எங்கே இறங்க வேண்டும் என்று பின்னால் இருந்தவன் சொல்லவில்லை. தர்மனும் கேட்கவில்லை.